ஏழைகளுக்குப் பச்சைப் புல்வெளி தேடித் தந்த ஆக்டேவியா ஹில்

லண்டன் நகரில் ஒரு குறுகலான சந்து. அதன் பெயர் பாரடைஸ் பிளேஸ். பாரடைஸ் என்றால் சொர்க்கம்! ஆனால் அங்கே இருந்ததோ நரகம். ஒரே அறையில் ஒரு குடும்பம். உடைந்த ஜன்னல்கள். குழந்தைகள் ஓடி விளையாட ஓர் அடி நிலம்கூட இல்லை.

1865-ம் ஆண்டில் அந்தச் சந்துக்குள் ஓர் இளம் பெண் நுழைந்தார். வயது 26. குட்டையான உருவம். அவர்தான் ஆக்டேவியா ஹில்.

நொடித்துப் போன குடும்பம்

ஆக்டேவியா 1838-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி இங்கிலாந்தில் விஸ்பெச் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி. 1840-ல் அவர் திவாலாகி, மனமும் உடைந்து போனார். தாயார்தான் பெண் பிள்ளைகளை வளர்த்தார்.

ஆக்டேவியா சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். பொம்மை செய்யும் ஏழைச் சிறுமிகளை மேற்பார்வையிடுவது அவர் வேலை. அந்தச் சிறுமிகளை ஊருக்கு வெளியே வயல்வெளிக்கு அழைத்துப் போவார். பசும்புல்லைக் கண்டதும் அவர்கள் முகம் மலரும். அந்த மலர்ச்சியை அவர் மறக்கவே இல்லை.

ஆலயத்தில் பிறந்த உறுதி

பிரடெரிக் மாரிஸ் என்ற பாதிரியாரின் பிரசங்கங்கள் அவர் மனத்தை மாற்றின. ஏழைக்கு உழைப்பதும் இறைவனைத் தொழுவதும் ஒன்றே என்று நம்பினார். அவர் பாதிரியாரும் அல்ல, கன்னிகாஸ்திரீயும் அல்ல. சபையில் ஒரு சாதாரணப் பெண். ஆனாலும் தொண்டே அவர் வாழ்வாயிற்று.

அறிஞர் ரஸ்கின் பாரடைஸ் பிளேஸில் 3 வீடுகளை வாங்கி அவரிடம் ஒப்படைத்தார். ஆக்டேவியா வாரம் தவறாமல் வாடகை வசூலித்தார். அந்தப் பணத்திலேயே வீடுகளைச் செப்பனிட்டார். ஆனால் வீடு மட்டும் போதுமா? நல்ல காற்றும், மரமும், திறந்த வானமும் வேண்டாமா?

கை நழுவிய நிலம்

லண்டனின் வட பகுதியில் சுவிஸ் காட்டேஜ் வயல்கள் இருந்தன. ஏழைகள் நடந்தே போகக்கூடிய தூரம். அங்கே வீடு கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஆக்டேவியா வீடு வீடாக நிதி திரட்டினார். பணம் குவிந்தது. ஆனால் 1875-ல் நிலச் சொந்தக்காரர்கள் பின்வாங்கி விட்டார்கள். வயல் போயிற்று, வீடுகள் எழுந்தன.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. பாழடைந்த இடுகாடுகளைப் பூங்காவாக்கும்படி மன்றாடினார். 1887-ல் சவுத்வார்க் பகுதியில் எரிந்து போன ஒரு காகிதத் தொழிற்சாலையின் மனையைப் பூந்தோட்டமாக்கினார். பார்லிமெண்ட் ஹில் என்ற குன்றின் புல்வெளியைக் காக்கப் போராடினார். 1889-ல் அது பொதுமக்கள் சொத்தாயிற்று.

மூவர் செய்த சபதம்

1884-ல் ஒருவர் தம் பழைய தோட்டத்தை மக்களுக்குத் தர முன்வந்தார். ஆனால் அதைச் சட்டப்படி ஏற்றுக் காக்க ஓர் அமைப்பு இல்லை. இந்தக் குறை ஆக்டேவியாவை வாட்டியது. வக்கீல் ராபர்ட் ஹன்டர், பாதிரியார் ரான்ஸ்லி இருவருடனும் சேர்ந்தார். 1895-ல் நேஷனல் டிரஸ்ட் பிறந்தது. நிலத்தை மக்களுக்காகச் சொந்தமாக்கி, என்றென்றும் காப்பதே அதன் வேலை.

ஏரி மாவட்டத்தில் பிராண்டல்ஹவ் என்ற காட்டு நிலம் விலைக்கு வந்தது. பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். செல்வர்கள் மட்டுமா கொடுத்தார்கள்? ஷெபீல்டு நகரத் தொழிலாளி ஒருவரும் சில ஷில்லிங்குகள் அனுப்பினார். அந்த ஏரிகளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அது நிறைவேறாது என்று அவருக்குத் தெரியும். பிறராவது பார்க்கட்டும் என்றே அந்தப் பணத்தைக் கொடுத்தார். 1902-ல் நிலம் மக்களுடையதாயிற்று.

கிராமத்துக் கல்லறை

1912-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி ஆக்டேவியா காலமானார். மன்னர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு இடம் தர முன்வந்தார்கள். ஆனால் அவர் விருப்பம் வேறு. அதன்படியே கிராக்கம் ஹில் என்ற சிற்றூரில், சகோதரியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நேஷனல் டிரஸ்டில் இன்று 50 லட்சம் பேருக்கு மேல் உறுப்பினர்கள். பார்லிமெண்ட் ஹில் புல்வெளியில் இன்றும் ஏழை வீட்டுக் குழந்தை காசு கொடுக்காமல் ஓடி விளையாடலாம். சுவிஸ் காட்டேஜ் வயலை இழந்த அன்றே அவர் ஓய்ந்திருந்தால், அந்தக் குன்றிலும் வீடுகள் எழுந்திருக்கும்.