போர் வேண்டாம் என்ற பிஷப்

இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கிறது, ஸ்காட்லாந்து. 1513-ம் ஆண்டில் அது தனி நாடு. அதன் மன்னர் நான்காம் ஜேம்ஸ், இங்கிலாந்து மீது படையெடுக்கத் துடித்தார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி வேறு யாரும் அல்ல, ஜேம்சின் மைத்துனர்தான்! ஆனால், ஸ்காட்லாந்தின் நட்பு நாடான பிரான்சை ஹென்றி தாக்கிவிட்டார். அதனால் வந்த கோபம்.

82 வயது முதியவர் ஒருவர், போர் வேண்டாம் என்று மன்னரைத் தடுத்தார். அவர்தான் வில்லியம் எல்பின்ஸ்டன். அபர்டீன் நகரின் பிஷப். (ஒரு வட்டாரத்தின் பாதிரியார்களுக்கு எல்லாம் தலைவர், பிஷப்.)

1431-ல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர் அவர். தந்தை ஒரு பாதிரியார். கத்தோலிக்கப் பாதிரியார் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது. எனவே, முறை தவறிப் பிறந்தவர் என்ற பழி பிள்ளைக்கு வந்தது. பிள்ளை செய்த பிழை என்ன? போப்பாண்டவரிடம் விசேஷ அனுமதி வாங்கித்தான் அவர் குருவாக முடிந்தது.

பிரான்சுக்குப் போய் சட்டம் படித்தார். 1483-ல் அபர்டீன் பிஷப் ஆனார். மன்னரின் முத்திரையும் 1492 முதல் அவர் பொறுப்பில் இருந்தது.

அந்த வடக்குச் சீமையில் படித்தவர்கள் குறைவு. போப்பாண்டவரின் அனுமதி பெற்று, 1495-ல் அங்கே ஒரு சர்வகலாசாலையை நிறுவினார். மருத்துவம் சொல்லிக்கொடுக்கவும் ஆசிரியர் நியமிக்கப்பட்டார்.

மறு ஆண்டே ஒரு சட்டம் வந்தது. வசதி உள்ள நிலப்பிரபுக்கள், மூத்த மகனை எட்டு, ஒன்பது வயதில் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் 20 பவுன் அபராதம்! இதற்குக் காரணம் எல்பின்ஸ்டனே என்பார்கள். (மகள்களைப் பற்றி சட்டத்தில் பேச்சே இல்லை.)

ஸ்காட்லாந்தில் அச்சுக்கூடம் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1507-ல் எடின்பரோவில் அச்சகம் வைக்க மன்னர் இருவருக்கு உரிமை கொடுத்தார். எல்பின்ஸ்டன் தயாரித்த ஜெபப் புத்தகம் 1510-ல் அச்சாகி முடிந்தது. சொந்த நாட்டு மகான்களின் கதைகள் அதில் இருந்தன.

இப்படி நாட்டுக்குப் படிப்பைக் கொண்டுவந்தவரின் பேச்சு, போர் விஷயத்தில் எடுபடவில்லை.

1513, செப்டம்பர் 9. பிளாடன் போர்க்களத்தில் மன்னர் ஜேம்ஸ் மாண்டார். பிரபுக்கள் பலர் மாண்டனர். ஆயிரக்கணக்கான வீரர்கள் மடிந்தனர். மன்னரின் மகன் அலெக்சாண்டரும் பிணமானார். அவருக்குச் சுமார் 20 வயது. பேரறிஞர் எராஸ்மசிடம் பாடம் கேட்டவர். அந்த வயதிலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் ஆர்ச்பிஷப்!

அரியணை ஏறியது, ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தை. அலெக்சாண்டரின் பதவிக்கு எல்பின்ஸ்டன் பெயர் சொல்லப்பட்டது. ஆனால், அதில் அவர் அமரவில்லை. 1514 அக்டோபரில் இறந்தார். அபர்டீனில், அவர் கட்டிய கல்லூரிக் கோவிலிலேயே உடல் அடக்கம் செய்யப்பட்டது.

டீ நதிக்குப் பாலம் கட்டவும் அவர் பணம் வைத்துவிட்டுப் போயிருந்தார். பின்னால் வந்த பிஷப் கேவின் டன்பார், 1527-ல் அதைக் கட்டி முடித்தார். பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்ட அந்தக் கல் பாலத்தில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.