மண்ணெண்ணெய் விளக்கால் ரேடியோவைப் பாட வைத்தவர்

மண்ணெண்ணெய் விளக்கில் வெளிச்சம் கொஞ்சம், சூடுதான் அதிகம். அந்தச் சூடு சிம்னி வழியே வீணாகப் போய்விடுகிறது. அதைப் பிடித்து மின்சாரமாக்கி, மின்கம்பம் எட்டாத கிராமங்களில் ரேடியோவைப் பாட வைத்தார்கள் சோவியத் விஞ்ஞானிகள். அவர்களுக்கு வழிகாட்டியவர் ஆப்ராம் யோஃபே.

உக்ரைனில் ரோம்னி என்ற சிற்றூரில் 1880 அக்டோபர் 29-ந் தேதி யூதக் குடும்பத்தில் பிறந்தார் யோஃபே. 1902-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பொறியியல் படிப்பை முடித்ததும், ஜெர்மனியிலுள்ள மூனிச் நகருக்குப் போனார். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து, பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற ராண்ட்ஜன் அங்கே பேராசிரியர். அவரிடம் ஆராய்ச்சி செய்து 1905-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

சீடனைத் தம்முடனேயே வைத்துக்கொள்ள ராண்ட்ஜன் விரும்பினார். யோஃபேயோ 1906-ல் தாய்நாடு திரும்பினார். ஆனால் உறவு அறுபடவில்லை. அடிக்கடி மூனிச் சென்று, குருவுடன் சேர்ந்து படிகங்களில் மின்சாரம் ஓடும் விதத்தை ஆராய்ந்தார். 1914-ல் மூண்ட உலகப் போர்தான் இருவரையும் பிரித்தது.

புரட்சிக்குப் பின் பெட்ரோகிராடில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை உருவாக்கினார். கருவிகள் இல்லை, வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வரவில்லை. 1921-ல் அவரே ஐரோப்பா சென்று கருவிகளும் நூல்களும் வாங்கினார். உடன் சென்ற மாணவர் கபிட்சாவை இங்கிலாந்தில் ரதர்ஃபோர்டிடம் சேர்த்துவிட்டார். பின்னாளில் கபிட்சா நோபல் பரிசு பெற்றார்.

நெருப்பின் மேல் ஒரு கெட்டில்

இரண்டு வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கி மறு முனையைக் குளிர்ச்சியாக வைத்தால் மின்சாரம் பிறக்கும். 1821-ல் பெர்லினில் ஸீபெக் கண்ட உண்மை இது. ஆனால் கிடைத்த மின்சாரம் மிகச் சொற்பம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் சூட்டையும் நன்றாகக் கடத்திவிடும். குளிர்ந்த முனையும் சூடேறிவிடும்.

உலோகத்தை விட்டு, அரைக்கடத்திகளை நாடினால் பலன் கூடும் என்று யோஃபே கண்டார். 1930-களில் இந்த ஆராய்ச்சி சூடு பிடித்தது. அடுத்த உலகப் போரில் அது உயிர் காத்தது. ஜெர்மானியப் படைகளின் பின்னே காடுகளில் மறைந்து போரிட்டவர்களுக்கு ரேடியோ தேவை, பாட்டரிக்கு வழியில்லை. யோஃபேயின் கூடத்தினர் ஒரு கெட்டில் செய்து தந்தார்கள். அடியில் நெருப்பு, உள்ளே தண்ணீர். இரண்டுக்கும் உள்ள சூட்டு வித்தியாசமே ரேடியோவுக்கு மின்சாரம் தந்தது.

எழுபது வயதில் இடி

போர் முடிந்தது, வேறு சோதனை வந்தது. யூதர்களையும் வெளிநாட்டுத் தொடர்பு உடையவர்களையும் அரசு சந்தேகக் கண்ணால் பார்த்த காலம் அது. 1950-ல், தாம் உருவாக்கி வளர்த்த நிலையத்தின் தலைமைப் பதவியிலிருந்து யோஃபே நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபது.

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1952-ல் அரைக்கடத்திகளுக்கென ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். இரண்டே ஆண்டுகளில் அது தனி நிலையமாக வளர்ந்தது. அந்த 1950-களில்தான் மண்ணெண்ணெய் விளக்கு மின்னாக்கி கிராமங்களுக்குப் போயிற்று. விளக்கின் சிம்னி மேல் அதைப் பொருத்தினால் போதும். உள்ளே சூடு, வெளியே உலோகத் தகடுகளில் காற்றின் குளிர்ச்சி. வீட்டுக்கு வெளிச்சம், ரேடியோவுக்கு மின்சாரம் என்று ஒரே எண்ணெயில் இரண்டு பயன்!

இதுபற்றி அவர் எழுதிய நூல் 1957-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிற நாட்டு விஞ்ஞானிகளுக்கும் அது கைநூலாயிற்று. வெளிநாட்டுத் தொடர்பு குற்றமாகக் கருதப்பட்ட நாட்டிலிருந்து, அவருடைய அறிவு எல்லை தாண்டிப் போனது.

1960 அக்டோபர் 14-ந் தேதி, எண்பது வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில் யோஃபே காலமானார். எந்த நிலையத்திலிருந்து அவர் நீக்கப்பட்டாரோ, அதே நிலையத்துக்கு அவ்வாண்டே அவர் பெயர் சூட்டப்பட்டது.

1977-ல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் விண்கலங்களுக்கும் அரைக்கடத்திகள்தான் சூட்டை மின்சாரமாக்கித் தந்தன. தொழிற்சாலைப் புகைபோக்கியிலும் வண்டி எஞ்சினிலும் வீணாகும் சூட்டைப் பிடிக்கப் பல நாட்டினர் இன்றும் பாடுபடுகிறார்கள். அந்தப் பாதையில் முன்னே நடந்தவர்களில் ஒருவர், பதவி போனாலும் பணியை விடாத அந்த ரோம்னி ஊர்க்காரர்.