இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்

பழைய தமிழ்நூல்கள் ஏட்டுச்சுவடிகளிற் கிடந்து இறந்தொழியாமல் அச்சேறி நிலைபெறுதற்கு முயன்ற ஈழநாட்டறிஞருள், ஆறுமுகநாவலரவர்களுக்கு அடுத்து வைத்து எண்ணத்தக்கவர்கள் தாமோதரம்பிள்ளையவர்கள். நாவலரவர்கள் இளமைதொட்டே சைவத்துக்கும் தமிழுக்குமெனத் தம்மை ஒப்புவித்தவர்கள். பிள்ளையவர்கள் வந்த வழியோ வேறு. உபாத்தியாயராய், பத்திராதிபராய், கணக்குச்சாலை உத்தியோகத்தராய், நியாயவாதியாய், நியாயாதிபதியாய்ப் பல துறைகளிலும் புகுந்து, ஐம்பதாம் வயதை அணுகிய பின்னரே நூற்பதிப்பில் முற்ற இறங்கியவர்கள்.

இவர்கள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 12ஆந் தேதி பிறந்தார்கள். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவியம்மையார். குடும்பம் அக்காலத்திற் கிறிஸ்துசமயச் சார்புடையதாயிருந்தது. ஆங்கிலக் கல்வியும் அதனால் வரும் உத்தியோகமும் மிஷன் பாடசாலைகளின் வாயிலாகவே பெறத்தக்கனவாயிருந்த காலமாதலின், அதனை வியப்பென்று சொல்லுதற்கில்லை. வியப்பாவது மற்றொன்று. இவர்களுக்கு இளமையிலே தமிழ் கற்பித்தவர் சுன்னாகம் முத்துக்குமாரகவிராயர். அக்கவிராயரோ பாதிரிமார் போதனையை எதிர்த்து ஞானக்கும்மி முதலியன பாடிய சைவர். மிஷன் பாடசாலையிலே ஆங்கிலமும், அம்மிஷனோடு வாதிட்ட புலவரிடத்தே தமிழும் கற்ற பிள்ளை பிற்காலத்திலே எப்பக்கஞ் சார்ந்தாரென்பது இச்சரித்திரத்தால் விளங்கும்.

தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிற் றொடங்கிய படிப்பு வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையில் முற்றுப்பெற்றது. அங்கே ஆங்கிலத்தோடு கணிதமும் தருக்கமும் இயற்கைச் சாத்திரங்களும் நன்கு கற்பிக்கப்பட்டன. அதனை விட்டு நீங்கியதும் கோப்பாயிலே ஆசிரியராயமர்ந்தார்கள். அவ்விளமையிலேயே, 1854ஆம் ஆண்டில், குமரகுருபரசுவாமிகள் அருளிய நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். அப்போது வயது இருபத்திரண்டுக்கு மேற்படவில்லை. வித்து அன்றே ஊன்றப்பட்டது. பயிர் தலைகாட்டுதற்குத்தான் நெடுங்காலஞ் சென்றது.

யாழ்ப்பாணத்திலே நாவலரவர்களைத் துணைக்கொண்டு விவிலிய நூலைத் தமிழ்ப்படுத்திய பார்சிவல் பாதிரியார், பின்பு சென்னபட்டினஞ் சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்தி வந்தார். அதற்கு ஆசிரியராகும்படி அவர் அழைக்கப் பிள்ளையவர்கள் கடல் கடந்தார்கள். பத்திரிகைத் தொழிலோடு இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் பணியும் வாய்த்தது. 1857ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பீ. ஏ. பரீட்சை நடந்தது. அதிலே தேறினோர் இருவர். இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்ற யாழ்ப்பாணத்தவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. பெரியதொரு தேசத்தின் பரீட்சையிலே சிறியதொரு தீபகற்பத்தார் முதன்மை பெற்ற இச்செய்தியை நம்மவர் நெடுங்காலம் சொல்லி மகிழ்ந்தனர்.

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டையிலே சிலகாலம் ஆசிரியத் தொழில். பின்னர்ச் சென்னை அரசாங்கத்து வரவுசெலவுக் கணக்குச்சாலையிலே உத்தியோகமேற்று உயர்ந்த பதவி பெற்றார்கள். அவ்வுத்தியோகத்திலிருந்துகொண்டே சட்ட நூல்களைக் கற்று 1871ஆம் ஆண்டிலே பீ. எல். பரீட்சையிலுந் தேறினார்கள். பிற்பாடு கும்பகோணத்திலே நியாயவாதியாயிருந்து, 1887ஆம் ஆண்டிலே புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நியாயாதிபதியாக நியமனம் பெற்றார்கள். இராவ்பகதூர்ப் பட்டம் 1895ஆம் ஆண்டில் வந்தது. உத்தியோக வரலாறு இவ்வளவே. இதனளவில் நின்றிருந்தால் இவர்கள் பெயரை இன்று அறிவார் சிலரேயாவர்.

சமயத்திலே பிள்ளையவர்கள் மீண்டுஞ் சைவத்தையடைந்து, சைவமகத்துவம் என்னும் நூலையும் எழுதினார்கள். ஏழாலையிலே ஒரு சைவ வித்தியாசாலையைத் தாபித்தார்கள். சுன்னாகம் குமாரசுவாமிப்புலவர் அதில் ஆசிரியராயமர்ந்து கற்பித்தார்.

இனிப் பதிப்புப்பணியை நோக்குவாம். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு 1868ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதனைப் பரிசோதித்தவர்கள் நாவலரவர்கள், அச்சிடுவித்தவர்கள் பிள்ளையவர்கள். அடுத்த பெரும் பதிப்பாகிய வீரசோழியம் வெளிவந்தது 1881ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தன பதின்மூன்று வருடங்கள். கணக்குஞ் சட்டமும் கொண்டுபோன வருடங்கள் அவை. அவ்வருடங்களிலே ஏடுகள் காத்திருக்கவில்லை. பனையோலை சாசுவதமான பொருளன்று. காலந்தோறும் பெயர்த்தெழுதப்படாவிடின் செல்லும் பூச்சியும் அதனை முடித்துவிடும். பெயர்த்தெழுதுவோரோ அருகி வந்தனர். ஆகையால் அப்பதின்மூன்றாண்டும் வீண்போகவில்லையென்று முழுதுஞ் சொல்லிவிட எமக்கு மனம் வரவில்லை. ஆயினும், தம் பொருளைச் செலவிட்டு ஏடு தேடுவிக்கவும், பிரதி செய்விக்கவும், அச்சுக்கூலி கொடுக்கவும் ஒருவர்க்குக் கைம்முதல் வேண்டுமே. அது கணக்குச்சாலையிலிருந்தும் நியாயஸ்தலத்திலிருந்தும் வந்தது.

நாவலரவர்கள் 1879ஆம் ஆண்டிலே சிவபதமடைந்தார்கள். அதன்பின் பிள்ளையவர்கள் காட்டிய வேகம் பெரிது. 1883இல் இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இற் கலித்தொகை, 1889இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும், 1891, 1892ஆம் ஆண்டுகளில் தொல்காப்பிய எழுத்தும் சொல்லும் நச்சினார்க்கினியருரையோடு. இவற்றுட் கலித்தொகை சிறப்பாகக் கருதத்தக்கது. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது அதுவே. பொருளதிகாரத்துக்கோ நல்ல பிரதி கிடைப்பதே அரிதாயிருந்தது. சிதைந்த ஏடுகள் பலவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எப்பாடம் கொள்ளத்தக்கது எது தள்ளத்தக்கது எனத் துணிதல் வேண்டும். சாட்சிகள் பலர் முரண்பட்டுரைக்க உண்மை துணியும் நியாயஸ்தலப் பழக்கம் இங்கே இவர்களுக்குக் கைகொடுத்திருக்குமென்று நாம் எண்ணுகின்றோம். அப்பதிப்பிலே நச்சினார்க்கினியருரையென அச்சான பின்னான்கியலினுரை பேராசிரியருடையதெனப் பின்வந்த அறிஞர் தெளிந்தனர். அவ்வாறு தெளிதற்கும் நூல் முதலில் அச்சிற் கிடைத்தல் வேண்டுமன்றோ!

வீரசோழியம் பௌத்தர் செய்தது. சூளாமணி சைனர் செய்தது. பிற சமயத்தினின்று மீண்ட சைவர் ஒருவர், சைவத்துக்குப் புறம்பான இந்நூல்களுக்குத் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டமை சிலருக்கு ஏற்காதிருக்கலாம். பிள்ளையவர்கள் நூலின் தமிழை நோக்கினார்களேயன்றி ஆக்கியோன் சமயத்தை நோக்கினார்களல்லர். தணிகைப்புராணத்தை அச்சிட்ட கையே சூளாமணியையும் அச்சிட்டது. அதனாற் சைவத்துக்கு ஒரு குறைவும் நேரவில்லை; சைவமகத்துவம் எழுதினவர்களுக்கு அதனைப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதுமில்லை.

கும்பகோணத்திலிருந்த காலத்திலே அந்நகரக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரோடு இவர்களுக்குப் பழக்கமுண்டாயிற்று. ஐயரவர்கள் சீவகசிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதனைத் தாம் பதிப்பிக்கத் தரும்படி பிள்ளையவர்கள் கேட்டார்கள். ஐயரவர்கள் இசையாது, தாமே பதிப்பிக்கத் துணிந்தார். சிந்தாமணியும் கலித்தொகையும் 1887ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. ஐயரவர்களுக்கு அது தொடக்கம், முப்பத்திரண்டு வயது. பிள்ளையவர்களுக்கோ ஐம்பத்தைந்து. இவ்வயது வேற்றுமையை நினைக்குந்தோறும் அப்பதின்மூன்றாண்டு நம் நெஞ்சில் வந்து நிற்கின்றது.

உத்தியோகத்தினின்று நீங்கியபின் சென்னைப் புரசைபாக்கத்திலே வசித்த பிள்ளையவர்கள், 1901ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் தேதி தேகவியோகமாயினார்கள். தொல்காப்பியம் மூன்றதிகாரமும் அதற்கு முன்பே பழைய உரைகளோடு அச்சில் நின்றன.