ஏர் பிடித்த கவிஞர்

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு



தாகூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நீண்ட வெள்ளைத் தாடி, நோபல் பரிசு, தேசிய கீதம். பத்தாம் வகுப்பு வரை நானும் இந்த மூன்றையும் எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆனால் அந்தத் தாடிக்காரர் தரிசு மண்ணோடு மல்லுக்கட்டிய கதை இருக்கிறதே, சிவில் படிக்கிற நமக்கு அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ரவீந்திரநாத் தாகூர் 1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் கல்கத்தாவில், ஜோராசாங்கோ என்ற இடத்தில் இருந்த பெரிய வீட்டில் பிறந்தார். ஜமீன் குடும்பம். பள்ளிக்கூடம் பிடிக்காமல் பாதியில் நின்றார். லண்டன் வரை போய்ப் படித்தும் பட்டம் வாங்காமல் திரும்பினார். (நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வசதி இருந்தது!)

முப்பது வயதை ஒட்டி, குடும்ப நிலங்களைக் கவனித்துக்கொள்ள அப்பா தேவேந்திரநாத் அவரைக் கிழக்கு வங்காளத்துக்கு அனுப்பினார். சிலைதா, பதிசர் முதலிய அந்த ஊர்கள் இன்று வங்கதேசத்தில் உள்ளன. ஆற்றில் படகிலேயே தங்கி ஊர் ஊராகப் போனார். கடனில் முங்கிக் கிடந்த குடியானவர்களை அங்கேதான் நேருக்கு நேர் பார்த்தார். குத்தகை வசூலிக்கப் போன மனிதர் யோசிக்க ஆரம்பித்தார். 1905-இல் பதிசரில் விவசாயிகளுக்காக ஒரு வங்கி தொடங்கினார். பின்னால் 1913-இல் கிடைத்த நோபல் பரிசுப் பணமும் அதில்தான் போடப்பட்டது.

அந்தக் காலத்தில் வசதியான வங்காளிகள் தங்கள் பிள்ளைகளைக் கலெக்டர் உத்தியோகத்துக்கோ வக்கீலுக்கோ படிக்க இங்கிலாந்து அனுப்புவார்கள். தாகூர் தன் மகன் ரதீந்திரநாத்தை 1906-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எதற்குத் தெரியுமா? விவசாயம் படிக்க! எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஊரில் எல்லோரும் எனக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: படிச்சு இந்த மண்ணை விட்டுப் போயிரு. அதனால் இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் போல்பூர் அருகே 1863-இல் தேவேந்திரநாத் கொஞ்சம் நிலம் எடுத்திருந்தார். வெட்டவெளி. நிழலுக்கு இரண்டே இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள். அதுதான் சாந்திநிகேதன். 1901 டிசம்பரில் தாகூர் அங்கே ஐந்து பிள்ளைகளோடு, மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். செலவுக்கு மனைவி மிருணாளினி தேவியின் நகைகள் போயின. அடுத்த வருடமே அந்த அம்மா காலமானார். 1903-இல் ஒரு மகள், 1907-இல் சின்ன மகன் என்று வரிசையாகச் சாவு. ஆனாலும் பள்ளியை அவர் மூடவில்லை.

அந்தப் பக்கத்து மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவப்புச் சரளை மண். மரங்கள் வெட்டுப்பட்ட பிறகு, மழை நேராகத் தரையில் விழுந்து மேல் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்பது வெறும் சரளையும் பள்ளமும். அந்தப் பள்ளங்களுக்கு அங்கே கோவாய் என்று பேர். மண் போனால் விளைச்சல் போகும், விளைச்சல் போனால் ஆள் போகும். ஊர்களில் மலேரியா வேறு.

1922 பிப்ரவரி 6-ஆம் நாள், சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் சுருல் கிராமத்தில் தாகூர் கிராமப் புனரமைப்பு நிலையம் தொடங்கினார். அதன் பெயர் பிறகு ஸ்ரீநிகேதன் ஆனது. பொறுப்பேற்றவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர், அமெரிக்காவில் விவசாயம் படித்தவர். அங்கே போன மாணவர்கள் முதலில் கற்ற பாடம் கக்கூஸ் பாடம்! தங்கள் கழிவைத் தாங்களே குழி வெட்டி மூடி, அதைக் காய்கறிப் பாத்திக்கு எருவாக்கினார்கள். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தராவிட்டால் அது கொள்ளை என்பது எல்ம்ஹர்ஸ்ட்டின் வாதம். அதைப் பற்றி அவர் கல்கத்தாவில் ஒரு சொற்பொழிவே செய்தார்.

ஊர்க்காரர்கள் உடனே நம்பிவிடவில்லை. படித்த பாபுக்கள் வந்து நமக்கு என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானதுதானே? காளிமோகன் கோஷ் என்பவர் வீடு வீடாகப் போய்ப் பழகினார். மலேரியாவை ஒழிக்கக் கூட்டுறவு சுகாதாரச் சங்கங்கள் வந்தன. நெசவு, தோல் வேலை, மண்பாண்டம் எல்லாம் வந்தன. தாகூரின் மருமகள் பிரதிமா தேவி பாத்திக் சாயக் கலையை அங்கே கொண்டுவந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1928 ஜூலை. 14-ஆம் நாள் சாந்திநிகேதனில் மரம் நடு விழா. மரக்கன்றைப் பல்லக்கில் வைத்து, பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் கொண்டுபோனார்கள். மறுநாள் ஸ்ரீநிகேதனில் ஏர் விழா. தரையில் மாக்கோலம், அலங்கரித்த மாடுகள். நம்ம பக்கம் சித்திரையில் நல்லேர் கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தேழு வயதுக் கவிஞர் தானே ஏர் பிடித்தார். ஓவியர் நந்தலால் போஸ் அந்தக் காட்சியை ஸ்ரீநிகேதனில் சுவர் ஓவியமாகவே தீட்டினார். கன்று நட உத்தரவு போடலாம்; ஆனால் திருவிழா ஆக்கினால்தான் ஊரே வந்து நடும். அந்த சூட்சுமம் கவிஞருக்குத் தெரிந்திருந்தது.

நம்ம பிரிவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது 1935-இல் கட்டிய சியாமளி வீடு. சுவர் மட்டுமில்லை, கூரையும் மண்! ஓலைக் கூரை தீப்பிடிக்கும். மண் கூரை நின்றுவிட்டால் ஏழைகளும் அதே மாதிரி கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். எங்கள் தெருவில் கூரை வீடு எரிந்ததைப் பார்த்தவன் நான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதனால் இது எனக்குக் கவிஞரின் விளையாட்டாகத் தெரியவில்லை. வடிவமைத்தவர் சுரேந்திரநாத் கர். வெளிச் சுவர்களில் நந்தலால், ராம்கிங்கர் பைஜ், மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து புடைப்புச் சிற்பம் செய்தார்கள். காந்தியடிகள் 1940-இல் வந்தபோது அங்கேதான் தங்கினார்.

பணம்? எப்போதும் தட்டுப்பாடுதான். 1936-இல், எழுபத்தைந்தை நெருங்கும் வயதில், நாட்டிய நாடகக் குழுவோடு நிதி திரட்ட ஊர் ஊராகச் சுற்றினார். அதைப் பொறுக்க முடியாமல் காந்தியடிகள் அறுபதாயிரம் ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஜமீன் முறையைத் தாகூர் கடைசிவரை உடைக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டாம். குடியானவனுக்கு உதவிய அதே குடும்பம்தான் அவனிடம் குத்தகையும் வாங்கியது.

1941 ஆகஸ்ட் 7-ஆம் நாள் பிறந்த வீட்டிலேயே காலமானார். வங்காள நாள்காட்டியில் அது சிராவண மாதம் 22. அவர் போன பிறகு மரம் நடு விழாவைச் சாந்திநிகேதனில் அந்த நாளுக்கே மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கும் கன்று பல்லக்கில்தான் வருகிறது.