அண்ணல் சுமந்த மசோதா

நம்ம கூட்டமைப்பு ஆண்டு மலருக்கு ஒரு தலைவரோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு கேட்டாங்க. எங்க ஊர் பேருந்து நிறுத்தத்தில் கம்பிக் கூண்டுக்குள்ள, கோட்டு போட்டு, கையில் புத்தகத்தோட நிக்கிறாரே அண்ணல் அம்பேத்கர், அவரைப் பத்தி எழுதுறேன்னு சொன்னேன்.

அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய குழுவுக்கு அவர் தலைவர்னு நம்ம பிள்ளைங்க புத்தகத்திலேயே இருக்கு. ஆனா பொம்பளைங்க சொத்துரிமைக்கான மசோதா நின்னுபோச்சுன்னு அவர் மந்திரி பதவியையே விட்டாருங்கிறது எனக்கு நாற்பது வயசுக்கு மேலதான் தெரியும். கூட்டமைப்பில் நடந்த சட்ட விழிப்புணர்வு பயிற்சியில் தெரிஞ்சுக்கிட்டேன். அதெல்லாம் கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஒரு கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்றேன்.

அண்ணல் 1891 ஏப்ரல் 14 அன்று, இப்போ மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் பிறந்தார். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். வீட்டில் இவர் பதினாலாவது பிள்ளை. சின்ன வயசிலேயே அம்மா பீமாபாய் தவறிட்டாங்க, அத்தைதான் வளர்த்தாங்க. பள்ளிக்கூடத்தில் மத்தப் பிள்ளைங்களோட உட்கார விடல. தாகம் எடுத்தா குழாயைத் தானே தொட முடியாது, யாராவது திறந்துவிட்டாத்தான் தண்ணி. அப்படி இருந்த பிள்ளை அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படிச்சு, டாக்டர் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் வாங்கினார். அவர் வெளிநாட்டில் படிச்ச காலத்தில் வீட்டுப் பாரமெல்லாம் மனைவி ரமாபாய் தலையில். பெத்த பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருத்தர்தான் தங்கினார். அந்த அம்மாவும் 1935-ல் போயிட்டாங்க. பெண்ணோட பாரம் என்னன்னு அண்ணல் வீட்டிலேயே பார்த்தவர்.

பொது வாழ்க்கைக்கு வந்தப்புறமும் அதை மறக்கல. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில், ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ கால உதவி கொடுக்கணும்கிற மசோதாவை ஆதரிச்சுப் பேசினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். சுதந்திரம் வந்ததும், 1947 ஆகஸ்டில் நேரு அமைச்சரவையில் சட்ட அமைச்சர் ஆனார். அப்போ அவர் கைக்கு வந்ததுதான் இந்து சட்டத் தொகுப்பு மசோதா.

அன்னைக்கு நிலைமை எப்படி இருந்துச்சுன்னா, பூர்வீகச் சொத்து ஆம்பளைப் பிள்ளைகளுக்குத்தான். புருஷனை இழந்தவளுக்குச் சொத்து கிடைச்சாலும் உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கலாம், அவ்வளவுதான். அவசியம் இல்லாம விக்க முடியாது, தன் இஷ்டத்துக்கு யாருக்கும் எழுதிவைக்க முடியாது. அவ கண்ணை மூடினதும் புருஷன் வழி வாரிசுக்கே திரும்பிப் போயிடும். ஆம்பளை எத்தனை கல்யாணம் வேணும்னாலும் பண்ணலாம்னு பல இடங்களில் இருந்துச்சு. பொம்பளைக்கு அந்தக் கட்டை விட்டு வெளியே வர வழியில்லை. மகளுக்கும் பங்கு, விதவைக்கு முழுச் சொந்தம், ஒருத்தனுக்கு ஒருத்தி, விவாகரத்துக்கு வழி, சாதி விட்டு சாதி கல்யாணமும் செல்லும். இத்தனையும் அந்த ஒரே மசோதாவில் இருந்துச்சு.

மசோதான்னா சட்டம் இல்லை. இதை நம்ம குழு பாஷையில் சொல்றேன். கடன் விண்ணப்பம் எழுதினதும் பணம் வந்துடுமா? குழுவில் தீர்மானம் போடணும், கூட்டமைப்பு பரிந்துரைக்கணும், வங்கி அனுமதிக்கணும், அப்புறம் கணக்கில் ஏறணும். எந்த மேசையில் நிக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் நகரும். மசோதாவும் அப்படித்தான். முதலில் அவையில் அறிமுகம். பிறகு பொது விவாதம். தேவைப்பட்டால் உறுப்பினர் குழுவுக்கு அனுப்பி ஆய்வு. அது திரும்பி வந்ததும் ஒவ்வொரு பிரிவா எடுத்து விவாதம், திருத்தம், ஓட்டு. முழுசும் நிறைவேறினா அடுத்த அவை. இரண்டு அவையும் தாண்டினா குடியரசுத் தலைவர் ஒப்புதல். பிறகு அரசிதழில் வெளியாகணும். எந்தத் தேதியிலிருந்து அமல்னும் இருக்கணும். இதில் எந்தப் படியில் வேணும்னாலும் மசோதா படுத்துக்கலாம்.

அண்ணலோட மசோதா எப்படி நகர்ந்துச்சுன்னு பாருங்க. பி.என்.ராவ் தலைமையில் 1941-ல் போட்ட குழு வரைவைத் தயார் பண்ணுச்சு. 1947 ஏப்ரலில் மசோதா அறிமுகம் ஆச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியல் நிர்ணய சபையே நாடாளுமன்ற வேலையையும் பார்த்துச்சு. 1948 ஏப்ரலில் அண்ணல் அதை ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வெச்சார். ஆகஸ்டில் குழு அறிக்கை கொடுத்துச்சு. 1949 முழுக்க விட்டுவிட்டு விவாதம். பொது விவாதம் முடிஞ்சு, பிரிவு பிரிவா எடுத்துக்கலாம்னு அவை ஒத்துக்கிட்டது அந்த வருஷம் டிசம்பரில்தான்.

எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. டெல்லியில் கூட்டங்கள், ஊர்வலங்கள். குடும்பம் உடைஞ்சுடும், நிலம் துண்டாயிடும், மதம் போயிடும்னு சொன்னாங்க. ஆளுங்கட்சிக்குள்ளேயே பெரிய தலைவர்கள் எதிர்த்தாங்க, குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் உட்பட. அவையில் இருந்த பெண் உறுப்பினர்கள் ஹன்சா மேத்தா, துர்காபாய், ரேணுகா ராய் போன்றவர்கள் ஆதரிச்சு நின்னாங்க. அண்ணலோ பழைய சாஸ்திர நூல்களையே எடுத்துக்காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்.

1950-ல் குடியரசு வந்துச்சு, மசோதா நகரல. 1951 பிப்ரவரியில் சில நாள் எடுத்தாங்க, திரும்ப நிறுத்தினாங்க. அண்ணலுக்கு அப்போ சர்க்கரை வியாதி, கால் வலி. ஆகஸ்டில் நேருவுக்குக் கடிதம் எழுதினார். உடம்பை முழுசா மருத்துவர் கையில் ஒப்படைக்கிறதுக்கு முன்னால இந்த மசோதாவை முடிச்சிடணும்னு கேட்டுக்கிட்டார். செப்டம்பர் 17-ஆம் தேதி விவாதம் மறுபடி ஆரம்பிச்சது. முழுசா முடியாது, கல்யாணம், விவாகரத்துப் பகுதியை மட்டுமாவது நிறைவேத்தலாம்னு மேலிடத்தில் சொன்னாங்க. மனசில்லாமல் ஒத்துக்கிட்டார். கடைசியில் அதுவும் நடக்கல. நாலே நாலு பிரிவு நிறைவேறின நிலையில் மசோதாவைக் கைவிட்டுட்டாங்க.

1951 செப்டம்பர் 27 அன்று அண்ணல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அவருக்கு வேற மனக்குறைகளும் இருந்துச்சு, அதையும் அறிக்கையில் மறைக்காமல் சொன்னார். ஆனா அவரைக் கடைசியா வெளியே தள்ளினது இந்த மசோதாவோட முடிவுதான். யோசிச்சுப் பாருங்க. பதவிக்காகக் கொள்கையை விடுறவங்களைத்தான் நாம தினம் பார்க்கிறோம். இவர் நமக்கான ஒரு மசோதாவுக்காகப் பதவியை விட்டார்.

அவர் வெளியே வந்தாலும் விதை சாகல. முதல் பொதுத் தேர்தலுக்கு அப்புறம், ஒரே மசோதாவா இருந்ததை நாலு துண்டாக்கிக் கொண்டுவந்தாங்க. 1955-ல் இந்து திருமணச் சட்டம். 1956-ல் வாரிசுரிமைச் சட்டம், பாதுகாவலர் சட்டம், கடைசியா தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். விதவைக்குக் கிடைச்ச சொத்து முழுக்க அவளுக்கே சொந்தம்னு ஆனது அந்த வாரிசுரிமைச் சட்டத்தில்தான். 1952 தேர்தலில் தோத்துப்போன அண்ணல், மாநிலங்களவை உறுப்பினரா இருந்து இதையெல்லாம் பார்த்தார். நாலாவது சட்டத்தை மட்டும் பார்க்கல. 1956 டிசம்பர் 6 அன்று கண்மூடினார். அந்தச் சட்டம் வந்தது டிசம்பர் 21-ல்.

ஆனா 1956 சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்துச்சு. அப்பா சுயமா சம்பாதிச்சதில் மகளுக்குச் சமபங்கு. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகன் மாதிரி பிறப்புரிமை இல்லை. அதைத் தமிழ்நாட்டில் சரிபண்ணினாங்க. 1989 மார்ச் 25-ஆம் தேதிக்குள் கல்யாணம் ஆகாத, சொத்தும் பாகம் பிரியாத வீட்டு மகள்களுக்குச் சமபங்கு. நாடு முழுக்க 2005 செப்டம்பர் 9 முதல், கல்யாணம் ஆனவங்களுக்கும் சேர்த்து வந்துச்சு.

இப்போ என் கதை. எனக்குக் கல்யாணம் ஆனது 1991-ல். 1993-ல் அப்பா தவறிட்டார். பூர்வீக நிலம் ஒண்ணேகால் ஏக்கர். கருமாதி முடிஞ்ச மூணாம் மாசம் அண்ணன்மார் கூப்பிட்டாங்கன்னு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனேன். விடுதலைப் பத்திரம்னு சொன்னாங்க. பொண்ணுக்கு ஏது பங்குன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பட்டுச்சேலையும் ரெண்டு மூட்டை நெல்லும் வாங்கிட்டு வந்தேன். அண்ணன்மார் மேல எனக்குக் கோபம் இல்லை, அவங்களுக்கும் தெரியாது. பொண்ணுங்களுக்குச் சட்டம் வரப்போகுதாம்னு கல்யாணத்துக்கு முன்னாடி எங்க தெருவில் பேசிக்கிட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. வந்துச்சா, நின்னுச்சா, எந்தத் தேதியிலிருந்துன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. நான் கையெழுத்துப் போட்ட அன்னைக்குச் சட்டம் என் பக்கம் இருந்துச்சு. பதிவான பத்திரத்தை இத்தனை வருஷம் கழிச்சு மாத்துறது லேசு இல்லைன்னு சட்ட உதவி முகாமுக்கு வந்த வழக்கறிஞர் அம்மா சொன்னாங்க.

அதுக்கப்புறம் எங்க குழுவில் ஒரு பழக்கம் வெச்சோம். தீர்மான நோட்டோட கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, நம்மைத் தொடுற மசோதா ஒவ்வொண்ணையும் எழுதுறோம். அறிமுகம், ஆய்வுக் குழு, முதல் அவை, ரெண்டாம் அவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல், அரசிதழ், அமலாகும் தேதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டம். கல்லூரி போற பிள்ளைங்க போனில் பார்த்துச் சொல்லுவாங்க, ஊக்குநர் எழுதுவாங்க. எங்க குழுவில் முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளும் இருக்காங்க. அவங்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேற, அதனால அதுக்குத் தனிப் பக்கம். கடைசிக் கட்டம் நிரம்பாத வரைக்கும் சட்டம் வந்துடுச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது. நிரம்பினதும் தெரியாம இருக்கவும் கூடாது.

போன வருஷம் எங்க குழுவில் ஒரு தங்கச்சியைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டாங்க. அவ கிளம்புறதுக்கு முன்னாடி நோட்டைக் கொண்டாங்கக்கான்னு என்கிட்ட வந்தா. பக்கத்தைத் திருப்பி 2005 செப்டம்பர் 9 என்ற தேதியைக் காட்டினேன். போனவ கையெழுத்துப் போடாம, பங்கு பேசிட்டு வந்தா.

பேருந்து நிறுத்தத்தில் அந்தக் கூண்டுப் பக்கம் போறப்போ நான் இப்பவும் ஒரு நிமிஷம் நிப்பேன். நாலு வருஷம் ஒரு மசோதா பின்னாடியே நடந்த மனுஷன் அவர். நாம மாசம் ஒருதரம் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டோமா, சகோதரிகளே?