கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கே முதல் வாய்ப்பு: டிராஃப்ட் முறையைக் கொண்டுவந்த பெர்ட் பெல் யார்?

ஐபிஎல் ஏலம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு வீரரின் பெயர் வரும். அணிகள் போட்டி போட்டு விலையை ஏற்றும். கையில் பணம் மிச்சம் இருக்கும் அணி தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் அமெரிக்காவின் தேசிய கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்லில் புதுமுக வீரர்களுக்கு ஏலம் கிடையாது. அங்கே வரிசைதான். போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணி முதலில் ஒரு வீரரைத் தேர்வு செய்யும். சாம்பியன் அணி கடைசிவரை காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் டிராஃப்ட்.

தோற்றவருக்கு முதல் மரியாதை! கேட்கவே வித்தியாசமாக இருக்கிறது, இல்லையா? இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். அப்போது அவர் லீக்கிலேயே மோசமான அணியின் உரிமையாளர். யோசனை ஜெயித்தது, முதல் வாய்ப்பும் அவருக்கே கிடைத்தது. ஆனாலும் அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஏன்?

(இந்தக் கட்டுரையில் கால்பந்து என்பது அமெரிக்கன் ஃபுட்பால். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், வீசியும் விளையாடும் ஆட்டம்.)

பணக்கார வீட்டுப் பிள்ளை

1895 பிப்ரவரி 25 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார் பெல். முழுப் பெயர் டி பென்னவில் பெல். அந்தப் பெயர் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பெர்ட் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அப்பா பென்சில்வேனியா மாகாணத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் நீதித் துறைக்குப் போய், பிற்காலத்தில் அந்த மாகாண உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். பெர்ட்டுக்கோ படிப்பில் நாட்டமில்லை. கால்பந்து, கால்பந்து, கால்பந்து மட்டும்தான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியில் குவார்ட்டர்பேக்காக விளையாடினார். அதாவது, பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவோடு ஃபிரான்ஸ் போய் வந்தார். திரும்பி வந்து 1919இல் பல்கலைக்கழக அணியின் கேப்டனானார். பட்டம் வாங்காமலேயே வெளியேறினார். பிறகு அதே அணிக்கு உதவிப் பயிற்சியாளர், கூடவே குடும்பத்துக்குத் தொடர்புள்ள ஹோட்டலில் வேலை. 1929 பங்குச் சந்தைச் சரிவில் பெரும் பணத்தை இழந்தார். அப்பாதான் கடனை அடைத்தார்.

2,500 டாலருக்கு ஓர் அணி

பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை ஆட்டம் நடத்தத் தடை இருந்தது. 1933இல் அந்தச் சட்டம் தளர்ந்தது. அதே ஆண்டு பெல், தன் பழைய அணித் தோழர் லட் ரே உள்ளிட்டோருடன் சேர்ந்து, செயலிழந்து கிடந்த ஓர் அணியின் உரிமத்தை 2,500 டாலருக்கு வாங்கினார். அதற்குப் பணம் கொடுத்து உதவியவர் பிராட்வே நடிகை ஃபிரான்சஸ் அப்டன். அடுத்த ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அணிக்கு வைத்த பெயர் ஈகிள்ஸ். பெருமந்தத்திலிருந்து மீள ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய மீட்புத் திட்டத்தின் சின்னம் நீலக் கழுகு. அதிலிருந்து எடுத்த பெயர் அது.

பெயரில் இருந்த நம்பிக்கை மைதானத்தில் இல்லை. 1935 சீசனில் 2 வெற்றி, 9 தோல்வி. கடைசி இடம்.

பழைய முறையில் என்ன சிக்கல்?

அப்போது கல்லூரி முடித்த வீரர் எந்த அணியோடும் பேரம் பேசலாம். வீரருக்கு நல்லதுதான். ஆனால் சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ் போன்ற அணிகளிடம் புகழும் பணமும் இருந்தன. நல்ல வீரர்கள் அங்கேயே போனார்கள். அந்த அணிகள் ஜெயித்தன, கூட்டம் சேர்ந்தது, இன்னும் பணம் வந்தது. பலவீனமான அணிகள் இன்னும் பலவீனமாயின.

பெல்லுக்கு இது சொந்த அனுபவமாகவே வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான் கோஸ்ட்கா என்ற வீரரை எப்படியாவது ஈகிள்ஸுக்குக் கொண்டுவரப் பார்த்தார். தன்னால் முடிந்த அளவுக்குத் தொகையை ஏற்றிப் பேசினார். ஆனால் அணிகளை மோதவிட்டுப் பேரம் பேசிய கோஸ்ட்கா, கடைசியில் 5,000 டாலருக்கு புரூக்ளின் அணிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அது பெரிய தொகை.

1935 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் நடந்த உரிமையாளர்கள் கூட்டத்தில் பெல் தன் திட்டத்தை வைத்தார். கல்லூரி முடிக்கும் வீரர்களின் பெயர்களைப் பட்டியலிடுவோம். தரவரிசையைத் தலைகீழாக்கி, கடைசி அணியிலிருந்து ஒவ்வொருவராகத் தேர்வு செய்வோம். ஓர் அணி எடுத்த வீரரிடம் வேறு அணி பேசக் கூடாது.

இதனால் நஷ்டப்படப் போவது பேர்ஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸும், ஜயன்ட்ஸ் உரிமையாளர் டிம் மாராவும்தான். ஆனால் இருவரும் சம்மதித்தார்கள். எதிரணி சொத்தையாக இருந்தால் டிக்கெட் விற்காது, எதிரணியே இல்லாமல் போனால் லீக்கே இருக்காது என்ற கணக்கு. போட்டி பேரம் நின்றால் சம்பளச் செலவும் குறையுமே என்ற இன்னொரு கணக்கும் அதில் இருந்தது.

ஹோட்டல் அறை, கரும்பலகை, 90 பெயர்கள்

1936 பிப்ரவரி 8. ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல். 9 அணிகள், 9 சுற்றுகள், 81 தேர்வுகள். பலகையில் 90 பெயர்கள். இதுதான் முதல் டிராஃப்ட். தொலைக்காட்சி இல்லை, கூட்டம் இல்லை. இன்று 32 அணிகள் கலந்துகொள்ளும் டிராஃப்ட் மூன்று நாள் திருவிழா. 2024இல் டெட்ராய்ட்டில் நடந்தபோது 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள்.

அன்று வீரர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் ஸ்கவுட் என்ற வேலையே எந்த அணியிலும் முழுநேரமாக இல்லை. செய்தித்தாள், வானொலி, தெரிந்த பயிற்சியாளர்களின் பேச்சு, அவ்வளவுதான் தகவல். சேர்ந்து விளையாடுவாரா என்று வீரரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. தேர்வானவர்களில் பெரும்பாலானோர் என்.எஃப்.எல் பக்கமே வரவில்லை. வேறு வேலையில் வருமானம் நிலையாக இருந்தது.

முதலில் யாரை எடுப்பது? பெல்லின் நான்கு தேர்வுகள்

முதல் வாய்ப்பு கிடைப்பது ஒன்று. அதை யாருக்குச் செலவழிப்பது என்பது முற்றிலும் வேறு. பெல்லின் வாழ்க்கையே இதற்கு உதாரணம்.

1. ஜே பெர்வாங்கர் (1936): வரலாற்றின் முதல் டிராஃப்ட் தேர்வு. சிகாகோ பல்கலைக்கழக வீரர். பின்னாளில் ஹைஸ்மன் டிராஃபி எனப் பெயர் மாறிய விருதை முதன்முதலில் வென்றவர். திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கேட்ட சம்பளம் பெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. உரிமையை பேர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார். ஹாலஸாலும் அவரைச் சம்மதிக்கவைக்க முடியவில்லை. பெர்வாங்கர் ஒரு என்.எஃப்.எல் ஆட்டம்கூட ஆடாமல், ஃபோம் ரப்பர் விற்பனை வேலைக்குப் போனார். அந்த ஆண்டு ஈகிள்ஸ் எடுத்த 9 பேரில் ஒருவர்கூட அணியில் சேரவில்லை. பாடம்: நல்ல வீரர் என்பது மட்டும் போதாது, வருவாரா என்றும் பார்க்கணும்.

2. சாம் ஃபிரான்சிஸ் (1937): 1936 சீசனில் ஈகிள்ஸ் 1 வெற்றி, 11 தோல்வி. மறுபடி முதல் வாய்ப்பு. பெல் எடுத்தது நெப்ராஸ்காவின் வலுவான ஓட்ட வீரரை. பெர்லின் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் நான்காம் இடம் பிடித்தவர். அவரையும் பேர்ஸ் அணிக்குக் கொடுத்து, அனுபவசாலியான பில் ஹியூவிட்டை வாங்கினார். ஹியூவிட் நல்ல வீரர்தான். ஆனால் அதே டிராஃப்டில் ஆறாவதாகப் போன பெயர் சாமி பா. பந்தை வீசுவதில் மன்னன். முதல் சீசனிலேயே தன் வாஷிங்டன் அணியைச் சாம்பியனாக்கினார். கால்பந்து என்றால் பந்தோடு முட்டி மோதி ஓடுவது என்று எல்லோரும் நினைத்த காலம் அது. பாடம்: ஆட்டம் எந்தத் திசையில் மாறுகிறது என்பதைப் பார்த்து எடுக்கணும்.

3. டேவி ஓபிரையன் (1939): இந்த முறை பெல் பந்து வீசுபவரையே எடுத்தார். ஹைஸ்மன் வென்ற நட்சத்திரம், குள்ளமான உருவம். சம்பளம் 12,000 டாலர், டிக்கெட் வசூலிலும் பங்கு. முதல் சீசனிலேயே லீக்கில் அதிக கஜம் பந்து வீசியவர் ஆனார். ஆனால் அவரைக் காக்க முன்னால் நிற்கும் வீரர்கள் பலவீனம். ஈகிள்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். இரண்டு சீசன் அடி வாங்கிய ஓபிரையன், விளையாட்டை விட்டுவிட்டு எஃப்.பி.ஐ அதிகாரியாகப் போய்விட்டார். பாடம்: சுற்றி அணி இல்லை என்றால் ஒரு நட்சத்திரத்தால் ஒன்றும் ஆகாது.

4. பில் டட்லி (1942): இடையில் ஒரு விநோத ஒப்பந்தத்தில் ஃபிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க் அணிகளின் உரிமையாளர்கள் ஊரையே மாற்றிக்கொண்டார்கள். பெல், ஆர்ட் ரூனியுடன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் பங்குதாரர் ஆனார். 1942இல் முதல் வாய்ப்பில் அவர்கள் எடுத்த டட்லி, பார்த்தால் வீரர் மாதிரியே இருக்கமாட்டார். உருவம் சிறிது, வேகம் குறைவு. ஆனால் கல்லூரியில் செய்து காட்டியவர். முதல் சீசனிலேயே லீக்கில் அதிக தூரம் பந்தோடு ஓடியவர் அவர்தான். ஸ்டீலர்ஸுக்கு வரலாற்றில் முதன்முறையாகத் தோல்வியைவிட வெற்றி அதிகம்: 7க்கு 4. பாடம்: உடம்பை அளக்காதே, ஆட்டத்தைப் பார்.

சரி, இன்றாவது அணிகள் சரியாகக் கணிக்கின்றனவா? பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாசியுடன் சேர்ந்து என்.எஃப்.எல் டிராஃப்டை ஆராய்ந்தார். முதல் சில இடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கின்றன என்பது அவர்களின் முடிவு. ஒரு வீரரைப் பற்றிய நம் கணிப்பு சரி என்ற அதீத நம்பிக்கைதான் காரணம். பெல் பட்ட பாடு அது.

வீரர்களுக்கு இது நியாயமா?

இங்கே இன்னொரு பக்கமும் இருக்கு. டிராஃப்ட் வந்த பிறகு ஒரு வீரர் ஒரே அணியோடுதான் பேச முடியும். கொடுத்ததை வாங்கு, இல்லையென்றால் வேறு வேலை பார். கோஸ்ட்கா செய்த பேரம் இனி யாருக்கும் கிடையாது. எந்த ஊரில் வாழ்வது என்பதைக்கூட வீரர் தீர்மானிக்க முடியாது.

அதைவிடப் பெரிய அநியாயம், அந்தக் கரும்பலகையில் எழுதப்படாத பெயர்கள். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது, உரிமையாளர்களின் மௌன உடன்பாடுதான். அந்த உரிமையாளர்களில் பெல்லும் ஒருவர். கலிஃபோர்னியாவில் கலக்கிய கென்னி வாஷிங்டனை 1940 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. டிராஃப்டில் முதல் கறுப்பின வீரராக ஜார்ஜ் டாலியஃபெரோ தேர்வானது 1949இல்தான்.

ஆணையர் நாற்காலியில்

பயிற்சியாளராக பெல்லின் கணக்கு 10 வெற்றி, 46 தோல்வி, 2 டிரா. ஆனால் 1946 ஜனவரியில் சக உரிமையாளர்கள் அவரையே லீக்கின் ஆணையராக்கினார்கள். தோற்றுத் தோற்றுப் பழகியவருக்கு, சின்ன அணிகளின் வலி தெரியும்.

அட்டவணையைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவரே போடுவார். சீசனின் தொடக்கத்தில் பலமான அணிகளைப் பலமானவர்களோடும், பலவீனமானவர்களைப் பலவீனமானவர்களோடும் மோதவிடுவார். பாதி சீசன் வரை யாரும் நம்பிக்கை இழக்கக் கூடாது என்பதற்காக.

அவர் காலத்தில் டிராஃப்டிலும் ஒரு விசித்திரம் நடந்தது. 1947 முதல் 1958 வரை முதல் இடத்தைக் குலுக்கலில் கொடுத்தார்கள். ஒருமுறை வென்ற அணி மறுபடி குலுக்கலில் சேர முடியாது. முதல் குலுக்கலில் வென்றது யார் தெரியுமா? அப்போதைய சாம்பியன் சிகாகோ பேர்ஸ்! அவர்கள் எடுத்த பாப் ஃபெனிமோர் ஒரே சீசன்தான் ஆடினார்.

1957இல் கால்பந்து லீக்குக்கும் ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிராஃப்ட் உள்பட எல்லாமே கேள்விக்கு உள்ளாகும் நிலை. நாடாளுமன்ற விசாரணைக்குப் போன பெல், அங்கே வைத்து வீரர்கள் சங்கத்தை அங்கீகரிப்பதாக அறிவித்தார். பல உரிமையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை.

1958 இறுதிப் போட்டி, பெல் ஆதரித்த கூடுதல் நேர விதியால் முடிவான முதல் இறுதிப் போட்டி. நியூயார்க்கை வீழ்த்திய பால்டிமோரின் நாயகன் ஜானி யூனிட்டஸ். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாவது சுற்றில் ஸ்டீலர்ஸ் எடுத்து, ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பிய அதே யூனிட்டஸ்.

கடைசி ஆட்டம்

1959 அக்டோபர் 11. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் ஃபீல்ட் மைதானம். மாணவனாக பெல் விளையாடிய அதே மைதானம். ஈகிள்ஸும் ஸ்டீலர்ஸும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டுமே ஒரு காலத்தில் அவருடைய அணிகள். ரசிகர்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் பெல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள்கூட இல்லாத நேரத்தில் மாரடைப்பு. வயது 64.

1963இல் கால்பந்து புகழ் மண்டபம் திறக்கப்பட்டபோது, முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது. டிராஃப்ட் முறையோ என்.எஃப்.எல்லைத் தாண்டி, அமெரிக்கக் கூடைப்பந்து, பேஸ்பால், ஐஸ் ஹாக்கி லீக்குகளுக்கும் போனது. வீரர்களின் உரிமை பற்றிய கேள்வியும் கூடவே போனது.

ஒவ்வொரு ஆண்டும் கடைசி இடத்து அணியின் ரசிகர்கள், இந்த முறை சரியான ஆளை எடுத்துவிடுவார்கள் என்று டிராஃப்ட் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். பெல் அவர்களுக்குக் கொடுத்தது வெற்றியை அல்ல. வரிசையில் முதலில் நிற்கும் உரிமையை மட்டும்தான்.