யார் இந்த நாகேஸ்வர ராவ் பந்துலு? அமிர்தாஞ்சன் பிறந்த கதையும், வலித் தைலத்தை எப்படித் தேய்க்க வேண்டும் என்பதும்

சென்னை மயிலாப்பூரில் லஸ் பக்கம் போகிறவர்களுக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா தெரியாமல் இருக்காது. காலையில் வாக்கிங், மாலையில் அரட்டை என எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. ஆனால், அவர் உருவாக்கிய ஒரு பொருள் அநேகமாக நம் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருந்திருக்கும். மஞ்சள் நிறத்தில், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை... ஆமாம், அமிர்தாஞ்சன்தான்.

தலைவலியா, கழுத்துப் பிடிப்பா, முதுகு வலியா, கொஞ்சம் தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் காசீநாதுனி நாகேஸ்வர ராவ். அவர் கதையோடு, அந்த நம்பிக்கையை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

கிருஷ்ணா மாவட்டத்தில் இருந்து பம்பாய்க்கு

நாகேஸ்வர ராவ் பிறந்தது 1867 மே 1. இன்றைய ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்துக்காரர். அப்போது அது மதராஸ் மாகாணத்தின் பகுதி. மேல்படிப்புக்காக மதராஸ் வந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். தெலுங்குச் சமூகச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கத்தின் எழுத்துகள் மாணவப் பருவத்திலேயே அவரைப் பாதித்தன.

அந்தக் காலத்தில் பட்டம் வாங்கிய ஒருவருக்கு அரசு உத்தியோகம் என்பது கையில் கிடைத்த மாதிரிதான். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கல்கத்தாவுக்குப் போய் மருந்து வியாபாரத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொண்டார். பிறகு பம்பாய். அங்கேதான் 1893-ல் ஒரு வலி நிவாரணித் தைலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அமிர்தம், அஞ்சனம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அமிர்தாஞ்சன். அப்போது அவருக்கு வயது 26.

இலவசமாகக் கொடுத்து வாங்கிய நம்பிக்கை

புதுச் சரக்கு, புதுப் பெயர், யாருக்கும் தெரியாத முதலாளி. எப்படி விற்பது? நாகேஸ்வர ராவ் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. இசைக் கச்சேரிகள் நடக்கும் இடங்களில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். மணிக்கணக்கில் உட்கார்ந்து கச்சேரி கேட்கிற கூட்டத்தில் தலைவலிக்கும் கழுத்து வலிக்கும் பஞ்சமா இருக்கும்? தேய்த்துப் பார்த்தவர்கள் அடுத்த முறை கடையில் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

இன்றைக்கு ஃப்ரீ சாம்பிள் என்று மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்லித் தருவதை 130 வருடங்களுக்கு முன்பே செய்தவர் அவர். தைலத்துக்கு இந்த உத்தி இவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. தேய்த்த சில நிமிடங்களிலேயே ஏதோ நடக்கிற உணர்வு வந்துவிடும். குளிர்ச்சி, அப்புறம் சூடு, கூடவே வாசனை. வலி முழுசாகப் போனதோ இல்லையோ, மருந்து வேலை செய்கிறது என்று உடம்பே சாட்சி சொல்லும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் மருந்துகளுக்கான சட்டம் வந்தது 1940-ல்தான். நாகேஸ்வர ராவ் வாழ்ந்த காலம் முழுக்க, ஒரு தைலத்தை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய மக்களிடம் இருந்தது இரண்டே விஷயங்கள்: விற்பவரின் பெயர், தேய்த்துப் பார்த்தவரின் அனுபவம்.

தைலக் காசில் ஒரு பத்திரிகை

வியாபாரம் பெருகியது, பணம் வந்தது. அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் சுவாரஸ்யமான பகுதி.

1907 சூரத் காங்கிரஸ் மாநாடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதிக்கொண்டு பிரிந்த மாநாடு. அதற்கு அடுத்த ஆண்டு, 1908-ல், நாகேஸ்வர ராவ் பம்பாயிலிருந்து ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். தெலுங்கு பேசும் மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு தெலுங்குப் பத்திரிகை! அதன் உகாதி சிறப்பிதழ்கள் வாசகர்கள் எடுத்துப் பத்திரப்படுத்தும் அளவுக்குப் பேசப்பட்டன.

1914-ல் பத்திரிகையை மதராஸுக்குக் கொண்டுவந்து நாளிதழாக மாற்றினார். 1924-ல் பாரதி என்ற இலக்கிய இதழ். பிறகு, குறைந்த விலையில் நல்ல புத்தகங்கள் போடுவதற்கென்று ஆந்திர கிரந்தமாலா. தெலுங்கின் முதல் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிய கொமர்ராஜு லக்ஷ்மண ராவ் 1923-ல் இறந்துபோனதும், நின்றுபோன அந்த வேலையை எடுத்துத் தொடர்ந்தவரும் இவரே.

நூலகங்களுக்கு உதவி, படிக்கிற பிள்ளைகளுக்கு உதவி, கேட்டு வந்தவர்களுக்கு உதவி எனக் கை ஓயாமல் கொடுத்தார். தெலுங்கு மக்கள் அவரை தேசோத்தாரகா என்றும் விஸ்வதாதா என்றும் அழைத்தார்கள். பந்துலு என்ற மரியாதைச் சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சிறையும் ஸ்ரீபாக் வீடும்

அவர் பணக்கார ஆதரவாளராக மட்டும் ஓரமாக நிற்கவில்லை. ஆந்திர காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். சிறையில் இருந்த நாட்களில் பகவத் கீதைக்குத் தெலுங்கில் உரை எழுதினார்.

மயிலாப்பூரில் அவருடைய வீட்டின் பெயர் ஸ்ரீபாக். 1937 நவம்பர் 16 அன்று கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமா தலைவர்களும் அந்த வீட்டில் கூடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். தனி மாநிலம் அமைந்தால் தலைநகரம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், பாசனம் ஆகியவற்றில் யாருக்கு என்ன என்பது பற்றிய உடன்பாடு. வரலாற்றில் அதன் பெயரே ஸ்ரீபாக் ஒப்பந்தம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கர்நூல் தலைநகரம் ஆனதற்கும், உயர் நீதிமன்றம் குண்டூருக்குப் போனதற்கும் பின்னால் இந்த ஒப்பந்தம் இருந்தது.

அதைப் பார்க்க அவர் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதங்களுக்குள், 1938 ஏப்ரல் 11 அன்று, 70 வயதில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1936-ல், அமிர்தாஞ்சன் பொதுப் பங்கு நிறுவனமாகி இருந்தது. மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத் பொறுப்பேற்றுத் தொடர்ந்து நடத்தினார்.

சரி, இந்த மாதிரித் தைலங்களுக்குள் என்னதான் இருக்கிறது?

வலித் தைலங்கள் பெரும்பாலும் ஒரே மருந்து கிடையாது, ஒரு கூட்டணி. வழக்கமாக இருப்பவை இவை:

மென்தால்: புதினா வகைச் செடியிலிருந்து கிடைப்பது. சருமத்தில் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தட்டி எழுப்பும். உண்மையில் அந்த இடம் குளிர்வதில்லை. குளிர்கிறது என்று மூளைக்குத் தகவல் போகிறது, அவ்வளவுதான். இது எப்படி நடக்கிறது என்பது நாகேஸ்வர ராவ் காலத்தில் யாருக்கும் தெரியாது. வெப்பம், குளிர், தொடுதலை உணரும் ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த ஆராய்ச்சிக்கு உதவிய பொருட்களில் மென்தாலும் மிளகாயின் காரமான கேப்சைசினும் உண்டு.

மெத்தில் சாலிசிலேட்: விண்டர்கிரீன் எண்ணெயின் முக்கியப் பொருள். ஆஸ்பிரினுக்கு உறவுக்காரர். தோல் வழியாக ரத்தத்திலும் கலக்கும்.

கற்பூரம், யூகலிப்டஸ் தைலம்: லேசான எரிச்சலையும் சூட்டையும் உண்டாக்கி, வலியிலிருந்து கவனத்தைத் திருப்புபவை.

இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல ஜெல்களிலும் ஸ்பிரேக்களிலும் இவற்றோடு டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணியும் சேர்ந்தே வருகிறது. வெளியில் தேய்ப்பதுதானே என்று நினைக்க வேண்டாம். அதுவும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு.

அளவு மீறினால் என்ன ஆகும்?

ஒரு டீஸ்பூன் சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெயில் உள்ள சாலிசிலேட், சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஒரு சின்னக் குழந்தை அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.

2007-ல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர் இறந்துபோனார். தசை வலிக்கான கிரீம்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் உடலில் மெத்தில் சாலிசிலேட் சேர்ந்ததே காரணம் என்று பிரேதப் பரிசோதனை முடிவு சொன்னது. மிக மிக அரிதான சம்பவம்தான். ஆனால், தைலத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

2012-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விடுத்தது. மென்தால், மெத்தில் சாலிசிலேட், கேப்சைசின் உள்ள மேற்பூச்சு மருந்துகளால் சிலருக்குத் தோலில் தீக்காயம் ஏற்பட்டது என்பதே அது. மென்தால் 3 சதவீதத்துக்கு மேலோ, மெத்தில் சாலிசிலேட் 10 சதவீதத்துக்கு மேலோ இருந்த தயாரிப்புகளில்தான் கடுமையான காயங்கள் அதிகம் பதிவாகின.

தசை வலியா, நரம்பு வலியா?

தைலம் தேய்க்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஜிம்மில் புதிதாக எடை தூக்கியது, நாள் முழுக்க லேப்டாப் முன் குனிந்து உட்கார்ந்தது, சுளுக்கு... இவை தசை வலிகள். அமுக்கினால் வலிக்கும், அசைத்தால் கூடும், சில நாட்களில் தானாகக் குறையும். இங்கே தைலமும் ஜெல்லும் ஓரளவு உதவும்.

நரம்பு வலி வேறு மாதிரி இருக்கும். எரிச்சல், ஊசி குத்துவது, ஷாக் அடிப்பது, மரத்துப்போவது. சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சல், அக்கி வந்து போன இடத்தில் தங்கிவிடும் வலி, இடுப்பில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் சயாட்டிகா எல்லாம் இந்த வகை. சாதாரணத் தைலம் கொஞ்ச நேரம் கவனத்தைத் திருப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நரம்பு வலிக்கென்றே கேப்சைசின் கிரீம், லிடோகெய்ன் பட்டை போன்றவை இருக்கின்றன. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் காரமான தைலத்தைத் தேய்த்தால், தோல் வெந்தாலும் தெரியாது.

பத்திரமாகத் தேய்ப்பது எப்படி?

* மெல்லிய பூச்சு போதும். லேபிளில் போட்டிருக்கும் தடவைக்கு மேல் வேண்டாம். பொதுவாக ஒரு நாளில் 3 அல்லது 4 முறை.
* முதல் முறை என்றால், கையில் சின்ன இடத்தில் தேய்த்துப் பாருங்கள்.
* புண், வெட்டுக்காயம், சொறி, கண், மூக்கின் உள்பக்கம், வாய்... இந்த இடங்களில் கூடவே கூடாது. தேய்த்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
* தேய்த்த இடத்தில் ஹீட்டிங் பேட், வெந்நீர் ஒத்தடம், இறுக்கமான கட்டு வேண்டாம். மருந்து வேகமாக உள்ளே போகும், தோல் வெந்துபோகும்.
* காலையில் ஜெல், மதியம் ஸ்பிரே, ராத்திரி தைலம் என்று அடுக்காதீர்கள். மூன்றிலும் அதே மருந்து இருக்கலாம். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.
* வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு மெத்தில் சாலிசிலேட் ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டலாம்.
* ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்கள், அதனால் ஆஸ்துமா வருபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.
* இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மென்தால், கற்பூரத் தைலம் வேண்டவே வேண்டாம். டப்பா அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.
* கொப்புளம், கடும் எரிச்சல் வந்தால் உடனே கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டாலும் அப்படியே.

தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கக் கூடாத வலிகள்

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல். இதை வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவது நம் வீடுகளில் நடக்கிறது. அது மாரடைப்பாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அதேபோல முதுகு வலியோடு கால் பலவீனமானாலோ, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ நேராக மருத்துவமனைதான்.

நாகேஸ்வர ராவ் பந்துலு, சட்டமும் லேபிள் விதியும் இல்லாத காலத்தில் ஒரு டப்பா தைலத்தை வைத்து மக்கள் நம்பிக்கையைச் சம்பாதித்தார். அந்த வருமானத்தில் ஒரு மொழிக்கே பத்திரிகையும் புத்தகமும் கொடுத்தார். இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாமே அச்சாகி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், போனில் ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்துவிட்டுத் தேய்ச்சுக்கோங்க.